படர்க்கையும் ‘ஆம்’ ஒட்டும்: போர்க்கைதியைத் தேடும் உறவினர் கூற்றை மொழிபெயர்த்தல்

1. முன்னுரை

போரில் பிடிபட்டுத் திரும்பாத, அல்லது திரும்பியும் அதைப் பற்றிப் பேசாத உறவினர் ஒருவரின் தடத்தைத் தேடுவோர் மூவகைப் பனுவல்களை எதிர்கொள்கின்றனர். கைதியே விட்டுச்சென்ற கூற்று ஒன்று. படைத்துறையும் போர்க்கல்லறை ஆணையமும் வைத்துள்ள பதிவு மற்றொன்று. வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி மூன்றாவது. இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே மொழியில் அமைவதில்லை. ஆகவே தேடுவோர் அறிந்தோ அறியாமலோ மொழிபெயர்ப்பாளர் ஆகின்றனர். அல்லது மொழிபெயர்ப்பாளரை நாடுகின்றனர்.

இத்தகைய மொழிபெயர்ப்புகளில் பெயர், நாள், ஊர் ஆகிய செய்திக்கூறுகள் சரியாகப் பெயர்க்கப்பட்டுள்ளனவா என்பதே பொதுவாக நோக்கப்படுகிறது. சொல்பவர் யார், சொல்வதை அவர் எவ்வாறு அறிந்தார் என்பதைக் காட்டும் இலக்கணக் கூறுகள் அந்த அளவு கவனம் பெறுவதில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப்பாகுபாடும், பிறர் வாய்க் கேட்ட செய்தி என்பதைக் குறிக்கும் ‘ஆம்’ போன்ற ஒட்டுகளும் நடைக்கு உரியவையே அன்றிப் பொருளுக்கு உரியவை அல்ல என்று கருதப்பட்டுக் கைவிடப்படுகின்றன. போர்க்கைதியைப் பற்றிய பனுவல்களில் சான்றின் தரத்தைத் தாங்கி நிற்பவை இக்கூறுகளே என்பதையும், இவற்றைக் கைவிடும் மொழிபெயர்ப்பு உறவினர்க்கு ஆறுதலாக அமையினும் பிழையாகவே முடியும் என்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்களமாகச் சித்தூரும் திருப்பதியும் கொள்ளப்படுகின்றன. வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்க அகப்பாடல்கள் ‘மொழிபெயர் தேஎம்’ என்று குறிக்கின்றன. பொருள்தேடி அந்நிலத்துக்குச் சென்றவனை எண்ணி இப்பால் ஒருத்தி காத்திருப்பது அப்பாடல்களின் சூழல். இன்றும் அவ்வெல்லையில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் வழங்குகின்றன. ஒருவர் பெயர் இரு மொழி வடிவம் பெறுவதும், ஒரு குடும்பச் செய்தி இரு மொழியில் சொல்லப்படுவதும் இங்கு இயல்பு. எனவே மேற்கூறிய சிக்கல் இப்பகுதியில் தெளிவாகப் புலப்படுகிறது.

2. கைதியின் கூற்று

2.1 புறநானூறு 74

தமிழில் கிடைக்கும் போர்க்கைதிக் கூற்றுகளுள் பழமையானது புறநானூற்றின் 74ஆம் பாடல். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தபோது தண்ணீர் கேட்டான்; உடனே கிடைக்கவில்லை; காலந்தாழ்த்துக் கிடைத்ததைப் பருகாமல் கையில் வைத்துக்கொண்டு இப்பாடலைச் சொன்னான் என்பது பாடலின் அடியில் உள்ள குறிப்புத் தரும் செய்தி.

இப்பாடலின் கருத்து பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அதன் இலக்கண அமைப்பு அந்த அளவுக்கு நோக்கப்படவில்லை. பாடலில் ‘யான்’ என்னும் சொல் இல்லை. தன்மை வினைமுற்றும் இல்லை. இறந்து பிறந்த குழவியையும் வாளால் கீறாமல் விடாத மரபினர் பொதுப்படப் பேசப்படுகின்றனர். சங்கிலியில் கட்டுண்ட நாய்போல் இருந்து இரந்து உண்ணும் நிலை ‘தாம்’ என்னும் படர்க்கைத் தற்சுட்டுப் பெயரால் குறிக்கப்படுகிறது. இத்தகையோரையும் பெற்றெடுப்பார்களா என்னும் வினாவோடு பாடல் முடிகிறது. துன்பம் சொல்பவனுடையது, இலக்கணம் பிறனைப் பற்றியது.

அடிக்குறிப்பை நீக்கிவிட்டால் இது யாருடைய கூற்று என்பதை அறிய வழியில்லை. பெயர், பகைவன், போர்க்களம், சிறையிருந்த இடம் ஆகிய நான்கையும் குறிப்பே தருகிறது. அக்குறிப்பும் ஐயத்துக்கு இடமற்றது அன்று. பாடலைச் சொல்லி அவன் ‘துஞ்சினான்’ என்பது அதன் கூற்று. துஞ்சுதல் உறங்குதலையும் இறத்தலையும் குறிக்கும் சொல். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனைச் சிறைமீட்டார் என்பது மற்றொரு மரபு. கலிங்கத்துப்பரணி அதனைக் குறிப்பிடுகிறது. ஒரே கைதி ஒரு மரபில் சிறையில் இறக்கிறான். இன்னொரு மரபில் விடுதலை பெறுகிறான். கைதியின் கூற்று, அதனோடு இணைக்கப்பட்ட பதிவு, வழிவழிச் செய்தி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாமல் நிற்கும் நிலைக்கு இதுவே தொன்மையான எடுத்துக்காட்டு.

2.2 வுன்ஸ்டோர்ஃப் ஒலிப்பதிவு

இதே அமைப்பு முதல் உலகப்போரில் மொழியியலாரின் கருவிக்கு முன்பே வெளிப்பட்டது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில் 1915இல் அமைந்த ‘பிறைநிலா முகாம்’ இந்திய, வட ஆப்பிரிக்கக் கைதிகளைக் கொண்டிருந்தது. அவர்களைப் பிரித்தானிய, பிரெஞ்சு ஆட்சிகளுக்கு எதிராகத் திருப்புவது ஜெர்மானிய அரசின் நோக்கம். அதே 1915இல் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் நிறுவப்பட்ட பிரஷ்ய அரச ஒலிப்பதிவுக் குழு, வில்ஹெல்ம் டோகனின் பொறுப்பில், இம்முகாமிலும் பிற முகாம்களிலும் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தது. ஏறத்தாழ 250 மொழிகளும் கிளைமொழிகளும் பதிவாயின. இந்திய மொழிகளுக்கு ஹைன்ரிக் லூடர்ஸ் போன்ற வடமொழி அறிஞர்கள் துணைநின்றனர். அப்பதிவுகள் இன்று பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

11-12-1916 அன்று மல் சிங் என்னும் பஞ்சாபி வீரர் பேசிய பதிவு பின்னாளில் பலர் கவனத்தை ஈர்த்தது. ஃபிலிப் ஷெஃப்னர் 2007இல் வெளியிட்ட ஆவணப்படம் இப்பதிவையும் இதனை ஒத்த பிறவற்றையும் மையமாகக் கொண்டது. மல் சிங் ‘நான்’ என்று தொடங்கவில்லை. ஒரு மனிதன் இருந்தான். இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு பால் குடித்து வாழ்ந்தான். ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்ப விரும்புகிறான். திரும்பினால் அதே உணவு கிடைக்கும் என்று எண்ணுகிறான். இவ்வாறு முழுதும் படர்க்கையிலேயே அக்கூற்று செல்கிறது.

இதனை ‘மல் சிங் தம் கதையைச் சொன்னார்’ என்று சுருக்குவது எளிது. தன்மையில் மொழிபெயர்ப்பதும் எளிது. கேட்போர் உள்ளத்தை அது விரைவில் தொடவும் கூடும். ஆயின் அவ்வாறு செய்யின் பனுவலின் ஆதாரமான தெரிவு அழிந்துவிடும். படர்க்கை இங்குப் பல பணிகளைச் செய்யக்கூடும். நாட்டார் கதையின் தொடக்க வாய்பாடு அது. பகை நாட்டின் முகாமில், அதிகாரிகள் கேட்க, ஊர் திரும்பும் விருப்பத்தைக் குற்றமின்றிச் சொல்வதற்குரிய மறைப்பும் அதுவே. கருவியின் புனலுக்கு முன் பேசுபவன் தன்னைத் தானே வெளியிலிருந்து காணும் நிலையும் அதில் உண்டு. இவற்றுள் எது என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்ய வேண்டியதில்லை. முடிவு செய்வதற்கான இடத்தைப் படிப்பவர்க்கு விட்டுவைப்பதே அவர் கடமை.

இப்பதிவுகள் தன்னியல்பான பேச்சும் அல்ல. பேச வேண்டியது முன்னரே எழுதப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு, சில நிமிடங்களுக்குள் அடங்குமாறு பேசப்பட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஆள்விவரத்தாள் நிரப்பப்பட்டது. பெயர், பிறந்த ஊர், தாய்மொழி, சமயம், தொழில் ஆகியவை அதில் இடம்பெற்றன. புறநானூற்றில் அடிக்குறிப்பு ஆற்றும் பணியை இங்கு அத்தாள் ஆற்றுகிறது. மொழியியலார் நாடியது ஒலிகளை, மனிதனை அன்று. எனினும் அவர்கள் நிரப்பிய தாளால்தான் அந்த ‘ஒரு மனிதன்’ யாரென்று இன்று அறிய முடிகிறது. மொழியியல் தன் கடந்தகாலத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்க வேண்டும்.

3. மகன் வெளியிட்ட தந்தை

இரண்டாம் உலகப்போரில் 15-2-1942 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஃபேரர் பூங்காவில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர். சேராதோரில் பல்லாயிரவர் 1943இல் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கூலிப்படைகளாகக் கப்பலில் அனுப்பப்பட்டனர். பசியாலும் நோயாலும் கொலையாலும் பெருந்தொகையினர் அங்கு மாண்டனர்.

இவ்வரலாற்றைப் பற்றி மைந்தர்கள் வெளியிட்ட இரு நூல்கள் இங்கு நோக்கத்தக்கவை. ஒன்று மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டாவின் நினைவுக்குறிப்பு. சிங்கப்பூரில் பிடிபட்டு நியூபிரிட்டனில் சிறையிருந்து மீண்ட அவர் போர் முடிந்த சிறிது காலத்திலேயே ஆங்கிலத்தில் அதனை எழுதினார். அரை நூற்றாண்டு அச்சேறாமல் இருந்த அப்படியை அவர் மகனும் எழுத்தாளருமான ரிச்சர்ட் கிராஸ்டா 1990களின் இறுதியில் வெளியிட்டார். மற்றொன்று எல்லைப்புறப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜமேதார் சிந்த் சிங்கைப் பற்றி அவர் மகன் நரிந்தர் சிங் பார்மர் வெளியிட்ட நூல். நியூகினியின் செபிக் ஆற்றங்கரையில் 1945 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியர் மீட்ட பதினொருவருள் சிந்த் சிங் ஒருவர். ஏனைய பத்துப் பேரும் அவ்வாண்டு நவம்பரில் தாயகம் திரும்பும் வழியில் விமான விபத்தில் இறந்தனர். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காக நிறுத்தப்பட்டதால் சிந்த் சிங் பிழைத்தார்.

இரு நூல்களின் தலைப்பையும் தமிழில் பெயர்க்க முயல்வோர் ஒரே சிக்கலைச் சந்திப்பர். கிராஸ்டா நூலின் ஆங்கிலத் தலைப்பு எழுவாய் இல்லாத செயப்பாட்டு எச்சம். ஜப்பானியரால் உண்ணப்படுதல் என்பது அதன் பொருள். உண்ணப்பட்டது யார்? நூலாசிரியர் உயிருடன் மீண்டவர். ‘உண்ணப்பட்டேன்’ என்பது பொய். ‘உண்ணப்பட்டான்’ என்பது வேறொருவனைச் சுட்டும். ‘உண்ணப்பட்டோம்’ என்பது மீண்டவரையும் மாண்டவரையும் ஒன்றாக்கும். ‘உண்ணப்பட்டோர்’ என்பது ஆசிரியரை விலக்கிவிடும். ஆங்கிலம் வெற்றிடமாக விட்டதைத் தமிழ் வினைமுற்று நிரப்பக் கோருகிறது. எச்ச வடிவையோ ‘உண்ணப்படுதல்’ போன்ற தொழிற்பெயரையோ நாடுவதே இங்குப் பொருந்தும் வழி. அது தலைப்புக்கு உரிய ஓட்டத்தைச் சற்றுக் குறைத்தாலும் ஏற்கத்தக்கதே. நூலின் துணைத்தலைப்பும் அறியப்படாத இந்தியப் போர்க்கைதி ஒருவன் என்று படர்க்கையிலேயே ஆசிரியரைக் குறிக்கிறது.

சிந்த் சிங் நூலின் தலைப்போ அவரை இறந்திருக்க வேண்டிய மனிதன் என்று சுட்டுகிறது. மகன் தந்தையைத் ‘தந்தை’ என்று சொல்லவில்லை, ‘மனிதன்’ என்கிறார். கணைக்கால் இரும்பொறையின் ‘தாம்’, மல் சிங்கின் ‘ஒரு மனிதன்’, இவ்விரு மைந்தர்களின் தலைப்புகள் ஆகியவற்றுக்கிடையே காலமும் மொழியும் வேறாயினும் ஒரு பொதுமை உண்டு. சிறைப்பட்ட வாழ்வைச் சொல்லும்போது தன்மை பின்வாங்குகிறது. உறவினர் தேடுவது ‘நான்’ என்னும் குரலை; அவர்க்குக் கிடைப்பது ‘அவன்’. இவ்விடைவெளியை மறைப்பது மொழிபெயர்ப்பின் பணியாகாது.

4. ‘கைதி’ என்னும் சொல்

கைதி என்பது அரபு மூலத்திலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். தெலுங்கில் ‘கைதீ’ என வழங்குகிறது. இரு மொழியிலும் அதன் முதற்பொருள் குற்றம் செய்து சிறையில் இருப்பவன் என்பதே. ‘போர்’ என்னும் அடை சேர்ந்தபோதும் அந்நிழல் முழுதும் நீங்குவதில்லை. பேச்சு வழக்கில் ‘பிடிபட்டார்’, ‘ஜப்பான்காரனிடம் மாட்டிக்கொண்டார்’ என்பன போன்ற தொடர்களே இயல்பாக அமைகின்றன. இத்தொடர்களை எல்லாம் ‘போர்க்கைதியானார்’ என்று ஒருமுகப்படுத்தும் மொழிபெயர்ப்பு, குடும்பம் சொல்லாத ஒரு சட்டநிலையை அதன் வாயில் வைக்கிறது.

அச்சட்டநிலை சிறிய பொருள் அன்று. போருக்குப் பின் ரபவுலில் ஆஸ்திரேலியர் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளில், இந்தியர் கைதிகள் அல்லர், ஜப்பானியப் படையின் துணைப்பிரிவினராகத் தாமே சேர்ந்தவர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கைதி அல்லாதவனாயின் அவனைக் கொன்றது போர்க்கைதியைக் கொன்ற குற்றமாகாது. ஒரு சொல் பொருந்துமா பொருந்தாதா என்பதில் நீதி தங்கியிருந்தது. மறுபுறம், திரும்பி வந்தோரைப் பிரித்தானிய இந்திய அரசு ‘வெள்ளை’, ‘சாம்பல்’, ‘கறுப்பு’ என நிற அடைகளால் வகைப்படுத்தியது. தேசியப் படையில் சேர்ந்தவர் சேராதவர் என்னும் வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட அவ்வகைப்பாடு 1947க்குப் பின் மதிப்பில் தலைகீழானது. அன்று கறுப்பாக இருந்தவர் பின்னர் விடுதலை வீரர் ஆனார். எனவே ஒரு பதிவில் காணும் இத்தகைய சொல்லை மொழிபெயர்ப்பவர் அது எந்த ஆண்டின் சொல் என்பதைக் காட்டியே ஆகவேண்டும்.

5. பதிவேட்டின் மொழி: சித்தூர், திருப்பதி

போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் இந்திய வீரர் பலரைப் பற்றிய குறிப்புகள் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைத் தொடர்ந்து இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என வரும். இத்தொடர்களில் வினை இல்லை. வினை இல்லாமையால் காலமும் இல்லை; இடமும் இல்லை; அறிந்த வழியும் இல்லை. பெயர்களின் அடுக்காகவே ஒரு வாழ்வு நிற்கிறது. இப்பெயர்களும் சித்தூர்ப் பகுதியில் உறுதியானவை அல்ல.

முதலாவது ஆட்பெயர். வீட்டில் வெங்கடேசன் எனப்படுபவர் தெலுங்கறிந்த எழுத்தரால் வெங்கடேசுலு எனப் பதியப்படலாம். முனுசாமி, முனிசாமி என்னும் வடிவங்கள் ரோமன் எழுத்தில் மேலும் பலவாகப் பெருகும். குறில் நெடில் வேறுபாடும், தகர டகர வேறுபாடும் அவ்வெழுத்தில் மறையும். தெலுங்கர் வீட்டுப்பெயரை முன்னே வைப்பர். தமிழர் தந்தைபெயரின் முதலெழுத்தை முன்னே வைப்பர். இரண்டும் ஆங்கிலப் பதிவில் ஒரே தோற்றமுடைய ஓரெழுத்தாகச் சுருங்கும். அவ்வெழுத்தைத் தந்தைபெயராகக் கொண்டு தேடுவோர் வேறொரு குடும்பத்தைச் சென்றடையக்கூடும்.

இரண்டாவது ஊர்ப்பெயர். தெலுங்கில் ‘புத்தூரு’ என்பதும் தமிழில் ‘புத்தூர்’ என்பதும் ஒன்றே, ஆயின் புத்தூர் என்னும் பெயர் தமிழகத்தில் பல ஊர்களுக்கு உண்டு, கர்நாடகத்திலும் உண்டு. காளஹஸ்தி தமிழர்க்குக் காளத்தி. ‘பள்ளி’, ‘பல்லி’, ‘பல்லெ’ ஆகிய ஈறுகள் ரோமன் எழுத்தில் ஒன்றோடொன்று மயங்குகின்றன.

மூன்றாவது மாவட்டப்பெயர். சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் அதன் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு மாறியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 1911க்கு முன்பே படையில் சேர்ந்தவர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவராகவும், 1942இல் பிடிபட்ட திருத்தணியார் சித்தூர் மாவட்டத்தவராகவும், சந்திரகிரியார் ‘சென்னை’யைச் சேர்ந்தவராகவும் பதிவாகியிருப்பர். இன்றைய எல்லையை வைத்துத் தேடும் பேரனுக்கு இம்மூவரும் அயலூராராகத் தோன்றுவர்.

நான்காவது உறவுப்பெயர். பதிவேடு பொதுவாக மகன், கணவன் என்னும் இரண்டு உறவுகளையே அறியும். தேடுபவர் பெரும்பாலும் அவ்விரு உறவுக்குள் வருவதில்லை. மணமாகாமல் படைக்குச் சென்று மாண்டவரைத் தேடுவது அவர் உடன்பிறந்தாரின் வழியினரே. திராவிட உறவுமுறையில் தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பன், சித்தப்பன் எனத் தந்தை வகையிலேயே அடங்குவான். சித்தூர்த் தெலுங்கில் ‘பெத்தநாயன’, ‘சின்னாயன’ என்னும் சொற்களும் அவ்வகையினவே. பாட்டன் தலைமுறையில் உடன்பிறந்தார் அனைவரும் தாத்தாக்களே. ‘எங்கள் தாத்தா சிங்கப்பூரில் பிடிபட்டார்’ என்பதை நேர்ப் பாட்டன் எனப் பெயர்த்துப் பதிவேட்டில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். ‘சின்னத் தாத்தா’ என்னும் அடை இருப்பின் அதை நீக்குவது தேடலையே நீக்குவதாகும்.

6. வீட்டுக் கூற்று

மூன்றாம் வகைப் பனுவலே மொழியியலார்க்குப் பெரிதும் உரியது. தமிழில் ‘ஆம்’ என்னும் ஒட்டும் தெலுங்கில் ‘அட’ என்னும் ஒட்டும் வினைமுற்றின் ஈற்றில் வந்து, செய்தி சொல்பவரின் நேரறிவு அன்று, பிறர் வழிக் கேட்டது என்பதைக் காட்டுகின்றன. சித்தூர், திருப்பதிப் பகுதியின் இருமொழியாளர் இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக எளிதில் மாற்றிக்கொள்வர். பின்வரும் தொடர்கள் எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்ளப்பட்டவை.

(அ) ‘சிங்கப்பூரில் பிடித்துக்கொண்டு போனார்களாம். கடிதம் வரவில்லை.’

(ஆ) ‘சிங்கப்பூர்லோ பட்டுகொனி போயாரட. உத்தரம் ராலேது.’

இரண்டிலும் முதல் தொடர் ஒட்டுப் பெற்றுள்ளது; இரண்டாம் தொடர் பெறவில்லை. இது தற்செயல் அன்று. பிடித்துக்கொண்டு போனதை வீட்டார் காணவில்லை; எவரோ சொல்லக் கேட்டனர். கடிதம் வராததை வீட்டாரே கண்டனர். ஒவ்வொரு நாளும் கண்டனர். கேட்டதற்கும் கண்டதற்கும் உள்ள எல்லை அவ்வொட்டின் இருப்பாலும் இன்மையாலும் துல்லியமாக வரையப்படுகிறது. ‘கடிதம் வரவில்லையாம்’ என்று பேரன் சொல்வானாயின் சான்று ஒரு தலைமுறை விலகிவிட்டது என்பதும் அதே ஒட்டால் தெரியவரும். எனவே ஒட்டுகளின் பரவலைக் கணக்கிட்டால் ஒரு குடும்பக் கூற்றில் எப்பகுதி எத்தலைமுறையின் அறிவு என்பதை ஓரளவு பிரித்தறியலாம்.

ஆங்கிலத்தில் இவ்வொட்டுக்கு நேரான இலக்கணக் கூறு இல்லை. ‘என்று சொல்லப்படுகிறது’ என்னும் பொருளுடைய தொடரை ஒவ்வொரு வினைக்கும் சேர்த்தால் நடை கனக்கும். ஆகவே முதல் தொடரில் ஒருமுறை சேர்த்துப் பின் விட்டுவிடுவது மொழிபெயர்ப்பாளர் வழக்கம். அதன் விளைவு, கேட்ட செய்தி அனைத்தும் கண்ட செய்தியின் தோற்றம் பெறுதல். அப்பெயர்ப்பு ஒரு காப்பகத்துக்குச் செல்லுமாயின் குடும்பமே நேரிற் கண்டு சொன்ன சான்றாகப் பதியும். பின்னொரு நாள் அக்காப்பகத்திலிருந்து அது தமிழுக்குத் திரும்பும்போது ஒட்டு இருக்காது. ‘பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்பதே எஞ்சும். ஐயம் அழிந்து வரலாறு ஆகிவிடும்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. படைத்துறை வீட்டுக்கு அனுப்பிய செய்திகளில் காணவில்லை, காணவில்லை எனினும் கைதி எனக் கருதப்படுகிறார், கைதி என மூன்று படிகள் உண்டு. இவை அறிவின் படிகள்; நிகழ்வின் படிகள் அல்ல. தமிழில் முதற்படியைக் ‘காணாமற்போனார்’ என்று பெயர்ப்பது வழக்கு. அத்தொடரில் ‘போ’ என்னும் துணைவினை இழப்பு முடிந்துவிட்டது என்னும் பொருளைச் சேர்க்கிறது, எழுவாயும் வீரனாகிவிடுகிறான். ‘காணவில்லை’ என்பதிலோ காணாதவர் தேடுவோரே. ஆங்கிலச் செய்தி சொல்வது இதற்கே நெருக்கமானது. இரண்டாம் படிக்கு ‘ஆம்’ பொருந்தாது. கேள்விச் செய்தி வேறு, கருதல் வேறு. ‘கைதியாகியிருக்கலாம்’ என்னும் வடிவே ஏற்றது. ‘கைதியாம்’ என்று கிராமத்துக்குப் படித்துக் காட்டப்பட்ட செய்தி அங்கு வேறொரு உறுதியைப் பெற்றிருக்கும். அவ்வாறு மாறிய உறுதியைப் பிடித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு என்பதை இச்சிறு வேறுபாட்டை எடையிடும்போது மறத்தலாகாது.

‘ஆம்’ ஒட்டு ஐயத்தையும் ஏளனத்தையும் காட்டவும் வழங்கும் என்பது உண்மை. ஆயின் அது சூழலாலும் ஒலிப்பாலும் அறியப்படுவது. அதனைக் காரணமாகக் கொண்டு கைதிக் கூற்றில் ஒட்டை நீக்குவது பொருந்தாது. மேலும் தன்மை வினையோடு இவ்வொட்டு அரிதாகவே வரும். ‘நான் அழுதேனாம்’ என்பது நினைவில்லாப் பருவத்தைப் பற்றிய செய்திக்கே பொருந்தும். கைதி தன்னைப் பற்றி ‘ஆம்’ சேர்த்துச் சொல்ல இயலாது. அவன் படர்க்கையை நாடுகிறான். உறவினர் ‘ஆம்’ ஒட்டை நாடுகின்றனர். இரண்டும் ஒரே இடைவெளியின் இரு கரைகள்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன. கைதியின் கூற்றில் உள்ள படர்க்கையைத் தன்மையாக மாற்றலாகாது. பதிவேட்டுப் பெயர்களைத் தமிழாக்கும்போது மூல எழுத்துக்கூட்டலை எழுத்துப்பெயர்ப்பாக உடன் தருதல் வேண்டும். மாவட்டப்பெயர்க்கு ஆண்டு சேர்த்தல் வேண்டும். உறவுச்சொல்லைப் பொதுச்சொல்லாகச் சுருக்காமல் வழியைக் காட்டிப் பெயர்த்தல் வேண்டும். ‘ஆம்’, ‘அட’ ஒட்டுகளைத் தொடர்தோறும் ஒரு குறியீட்டாலேனும் காட்டுதல் வேண்டும். நடை கனத்தாலும் இவ்விடத்தில் அதனைப் பொறுத்துக்கொள்வதே முறை.

இரண்டாம் உலகப்போரில் பிடிபட்டோரை நேரில் அறிந்த தலைமுறை மறைந்து வருகிறது. இனி வீட்டில் எஞ்சுவது பேரர்களின் கூற்று மட்டுமே. கிரியர்சனின் மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தில் களப்பணி நிகழ்த்தவில்லை. பெர்லின் குழுவினர் கைதியிடம் நாடியது ஒலியை மட்டும். அவ்விரு குறைகளும் இல்லாத ஒரு தொகுப்பு இன்னும் செய்யத்தக்கதே. திருப்பதியில் 1954 முதலும் குப்பத்தில் 1997 முதலும் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன; இரு மொழியும் அறிந்த மாணவர்கள் அப்பகுதியின் ஊர்களிலிருந்தே வருகின்றனர். குடும்பக் கூற்றுகளை ஒலியாகப் பதிந்து, ஒட்டுகளோடு எழுத்தாக்கி, பதிவேட்டுக் குறிப்புகளின் அருகில் வைப்பது அவர்களால் இயலும் பணி. அதில் எத்தனை பேரின் முடிவு தெளியும் என்பதைவிட, எது கண்டது எது கேட்டது என்பது கலவாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்வது முதன்மையானது. ‘பிடித்துக்கொண்டு போனார்களாம்’ என்பதில் குடும்பத்தின் நம்பிக்கை உள்ளது. ‘கடிதம் வரவில்லை’ என்பதில் அதன் அனுபவம் உள்ளது. இவ்விரண்டையும் ஒரே முற்றால் முடிக்கும் மொழிபெயர்ப்பு இரண்டையுமே இழக்கிறது.